இரு தொலைநகரங்களுக்கு இடையிலான வான்தொலைவையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

தட்டையான உலகப்படத்தில் லண்டனையும் நியூயார்க்கையும் அடிக்கோல் வைத்து இணைத்தால் கிடைக்கும் கோடு, விமானம் செல்லும் வழி அன்று. பூமி உருண்டை என்பதால், மிகக் குறுகிய வழி பெருவட்டம் (பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்டு அதன் மேற்பரப்பைச் சுற்றும் வட்டம்) ஒன்றின் வில்லாக அமைகிறது; படத்தில் அது வடக்கே வளைந்து, அயர்லாந்தையும் நியூஃபவுண்ட்லாந்தையும் தொட்டுச் செல்வதாகத் தெரியும். அந்த வில்லின் நீளத்தைக் காண ஓர் அறிவியல் கால்குலேட்டர் போதும்.

படி 1: இரு நகரங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். லண்டன் 51.5 டிகிரி வடக்கு, 0.1 டிகிரி மேற்கு, நியூயார்க் 40.7 டிகிரி வடக்கு, 74.0 டிகிரி மேற்கு. இரண்டும் மேற்கில் இருப்பதால் தீர்க்கரேகைகளைக் கழிக்க வேண்டும், வித்தியாசம் 73.9. ஒன்று கிழக்கிலும் மற்றொன்று மேற்கிலும் இருந்தால் கூட்ட வேண்டும். தெற்கு அட்சரேகைக்குக் கழித்தல் குறி இடுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

படி 2: கால்குலேட்டர் ரேடியனில் அல்லாமல் டிகிரியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள், நான் முதன்முறை தடுமாறியது இங்கேதான். இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.5103 வரும். அவற்றின் கொசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்கினால் 0.1309 வரும். இரண்டையும் கூட்டினால் 0.6412. இதன் தலைகீழ் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) ஏறத்தாழ 50.12 டிகிரி.

படி 3: பெருவட்டத்தில் ஒரு டிகிரி என்பது சுமார் 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் தொலைவு ஏறத்தாழ 5,570 கிலோமீட்டர். விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் அறிய, 1.852 ஆல் வகுக்கவும்.

படி 4: பெரிய ஜெட் விமானம் காற்றில் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஆனால் நேரத்தைத் தீர்மானிப்பது தரையைப் பொறுத்த வேகமே. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் ஜெட் காற்றோட்டம், எதிர்ப்பட்டால் அந்த வேகத்தைக் குறைக்கும், பின்னிருந்து தள்ளினால் கூட்டும். காற்றின் சராசரி 100 கிலோமீட்டர் என்று கொண்டால், மேற்கே செல்ல 5,570ஐ 800 ஆல் வகுத்து ஏறத்தாழ 7 மணி நேரமும், கிழக்கே திரும்ப 1,000 ஆல் வகுத்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரமும் கிடைக்கும். 2020 பிப்ரவரியில் கடும் புயல்காற்றின் துணையோடு ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 56 நிமிடங்களில் அடைந்தது.

படி 5: மேலேறுவதற்கும் இறங்குவதற்கும் ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதற்கும் முக்கால் மணி நேரமாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: பயணச்சீட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர்க் கடிகாரப்படியானவை. லண்டன் பெரும்பாலும் நியூயார்க்கைவிட 5 மணி நேரம் முன்னால் இருக்கிறது; கோடைக்கால நேரம் தொடங்கும் நாள் மாறுபடுவதால், மார்ச்சில் சில வாரங்கள் 4 மணி நேரமாகும். லண்டனில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு நியூயார்க்கில் பகல் 1 மணிக்கு இறங்கினால், கடிகாரம் காட்டும் 3 மணியோடு 5ஐக் கூட்ட வேண்டும். பயணம் 8 மணி நேரம். திரும்பும்போது இரவு 8 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 8 மணிக்கு இறங்கினால், 12இலிருந்து 5ஐக் கழிக்க வேண்டும். பயணம் 7 மணி நேரம்.