பைக்கைக் கழுவுகிறேன் என்று கெடுத்துவிடாதீர்கள்

ஆயுத பூஜை நெருங்கினால் வேளச்சேரியில் எந்த வாட்டர் வாஷ் கடையைப் பார்த்தாலும் வண்டிகள் தெருமுனை வரை நிற்கும். அந்த வரிசையில் நிற்கப் பொறுமையில்லாத பையன்கள் இப்போது சொந்தமாகப் பிரஷர் வாஷர் வாங்கி, அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலேயே வேலையை ஆரம்பித்துவிடுகிறார்கள். தன் வண்டியைத் தன் கையால் கழுவ வேண்டும் என்கிற ஆசை நல்ல ஆசை. ஆனால் பைக்கைக் கழுவி மெருகேற்றும் டீடெய்லிங்கைத் தொழிலாகச் செய்கிற எனக்கு, அந்தத் தண்ணீர் எங்கே பாய்கிறது என்று பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. கொதிக்கிற எஞ்சினில் தண்ணீர் ஊற்றக் கூடாது, உச்சி வெயிலில் கழுவக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, பலரும் செய்கிற மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

பிரஷர் தண்ணீரைப் பேரிங் மேல் அடிப்பது

வீட்டு உபயோகத்துக்கு விற்கும் சாதாரண பிரஷர் வாஷரே 100 பார் அளவுக்கு அழுத்தம் தரும். பைக் டயரில் நாம் நிரப்பும் காற்று சுமார் 2 பார்தான். இப்போது சக்கரத்தின் நடுப்பகுதியைப் பாருங்கள். அங்கே பேரிங்கை மூடியிருப்பது ஒரு மெல்லிய ரப்பர் சீல். மழையில் ஓட்டும்போது தெறிக்கிற தண்ணீரையும் ரோட்டுத் தூசியையும் தடுக்க அது போதும். ஒரு சாண் தூரத்திலிருந்து நேராகப் பீய்ச்சினால் அது தாங்காது. சீலின் விளிம்பு கொஞ்சம் விலகும், தண்ணீர் உள்ளே போகும், விளிம்பு மறுபடி மூடிக்கொள்ளும். போன தண்ணீர் திரும்பி வர வழியில்லை. கிரீஸோடு கலந்து அங்கேயே கிடக்கும். ஹேண்டில் திரும்புவதற்காக அதன் கீழே இருக்கிற கோன் செட் என்ற பேரிங்குக்கும், பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மின் புஷ்ஷுக்கும் இதே கதிதான். கடலை ஒட்டிய ஏரியாக்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பாக வேறு இருக்கும். துரு பிடிக்க வேறென்ன வேண்டும்?

இதில் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது ஒன்று உண்டு. கழுவிய அன்றைக்கு எதுவுமே தெரியாது. வண்டி பளபளவென்று நிற்கும், வாட்டர் வாஷ் பிரமாதம் என்று சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போவார்கள். மாதங்கள் கழித்துப் பேரிங் சத்தம் போடும்போது, யாருக்கும் அந்தத் தண்ணீர் ஞாபகத்துக்கு வராது. கம்பெனியைத் திட்டுவார்கள், ரோட்டைத் திட்டுவார்கள், புதுப் பேரிங்கைப் போட்டுவிட்டு அதே கடைக்குப் போய் அதே இடத்தில் மறுபடி தண்ணீர் அடிப்பார்கள்.

உணவு டெலிவரி வேலை பார்க்கிற ஒரு தம்பி வாராவாரம் வாட்டர் வாஷ் விடுகிறவர். வண்டி மேல் அவ்வளவு பாசம். ஹேண்டிலை நேராக வைத்தால் ஓர் இடத்தில் டக்கென்று உட்காருகிறது, வளைவில் வண்டி தன் போக்கில் போகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். “ரோடு அப்படிண்ணா, மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட இடத்துலதானே தினமும் ஓட்டுறேன்” என்றார். பக்கத்து மெக்கானிக்கை வைத்து, ஹேண்டிலைத் தாங்குகிற டி-யைக் கழற்றிக் கோன் செட்டைக் காட்டினேன். கிரீஸ் மோர் மாதிரி வெளுத்திருந்தது. பேரிங் குண்டுகள் துருப்பிடித்து, கோனில் குழி விழுந்திருந்தது. பள்ளத்துக்கும் அதில் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கிரீஸ் கிரீஸாக இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் போயிருக்காது. டிராஃபிக்கில் நாள் முழுக்க வளைந்து நெளிந்து ஓட்டுகிறவருக்கு ஹேண்டில் இப்படி இழுப்பது உயிருக்கே ஆபத்து.

வயரிங்கும் இப்படித்தான். ஹெட்லைட்டுக்குப் பின்னாலும் சீட்டுக்கு அடியிலும் வயர்களை இணைக்கிற கப்ளர்களில் ஈரம் ஏறினால் பின்களில் பச்சை பூக்கும். அப்புறம் ஒருநாள் ஹாரன் அடிக்காது, ஒருநாள் செல்ஃப் எடுக்காது. பல வண்டிகளில் ஸ்பார்க் பிளக் இருக்கிற குழியிலிருந்து தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது சேற்றில் அடைத்திருந்தால் தண்ணீர் குழியிலேயே தேங்கி, எஞ்சின் விட்டு விட்டு இழுக்கும்.

சரி, எப்படிக் கழுவுவது? இரண்டு பக்கெட், ஒரு மக், கொஞ்சம் வாகன ஷாம்பு. அவ்வளவு போதும். ஒரு பக்கெட்டில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் ஸ்பாஞ்சை அலசுவதற்கு வெறும் தண்ணீர். முதலில் மேலிருந்து தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கிவிடுங்கள், பிறகு தேயுங்கள். டேங்க் முதலில், சக்கரம் கடைசியில். டேங்க்கைத் தொடும் ஸ்பாஞ்ச் சக்கரத்தைத் தொடக் கூடாது. கடைக்குத்தான் விடுவேன் என்றால் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பக்கத்தில் நின்று, மட்கார்டு அடியிலும் டயரிலும் மட்டும் பிரஷர் அடிக்கச் சொல்லுங்கள், அதுவும் தள்ளி நின்று. சக்கரத்தின் நடு, ஹேண்டில் கழுத்து, சுவிட்ச், மீட்டர், செயின், சைலன்சர் வாய் எதிலும் வேண்டாம். வேலை செய்யும் பையன் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

எஞ்சினை ஓடவிட்டுச் செயின் துடைப்பது

விரல் போய்விடும். எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள். துணி, செயின் ஓடுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் பக்கம் போகவே கூடாது.

பெட்ரோலில் துடைப்பது

கிரீஸ் கறை சட்டென்று போகிறது என்று பாட்டிலில் பெட்ரோல் பிடித்து வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய பார்க்கிங்கில் தரையோடு படர்ந்து தங்கும், ஒரு பொறி பட்டால் போதும். ஓ-ரிங் செயினில் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் கிரீஸை அடைத்து வைத்திருப்பவை சின்ன ரப்பர் வளையங்கள். பெட்ரோல் அந்த ரப்பரைக் கெடுக்கும், கம்பி பிரஷ் அதைக் கிழிக்கும். செயின் கிளீனரும் மெல்லிய நைலான் பிரஷ்ஷும் போதும். ஹெல்மெட் வைசரில் பெட்ரோல் படவே கூடாது. மெல்லிய சோப்புத் தண்ணீர் போதும்.

காலையில் காய்ந்த துணியால் தட்டுவது

சென்னையில் பாதி வண்டிகளின் பெயின்ட் இப்படித்தான் மங்குகிறது. ராத்திரி படிந்த தூசியில் மணல் இருக்கிறது. காய்ந்த மஞ்சள் துணியாலோ பனியன் வேஸ்டாலோ துடைத்தால் அந்த மணலையே டேங்க் மேல் அரைக்கிறீர்கள். வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். தண்ணீர் தெளித்து மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். காக்கை எச்சம் இருந்தால் ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு ஊறவைத்து எடுங்கள். அதை நாள் கணக்கில் வெயிலில் விட்டால் மேல்பூச்சு அரித்து, தடம் நின்றுவிடும்.

மேட் பெயின்டுக்கு வேக்ஸ்

பளபளப்பில்லாத பெயின்ட் அது. வேக்ஸ் பட்டால் திட்டுத் திட்டாகப் பளபளக்கும். போடாதீர்கள்.

டயரின் ஓடும் பரப்பில் பாலிஷ்

முதல் வளைவிலேயே வழுக்கும்.

டிஸ்க்கில் எண்ணெய்

செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது பின் டிஸ்க்கை ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள். எண்ணெய் பிரேக் பேடில் ஊறிவிட்டால் பேடையே மாற்ற வேண்டி வரும்.

கழுவிய கையோடு ரோட்டில் இறங்குவது

ஈர டிஸ்க் முதல் அழுத்தலில் சரியாகப் பிடிக்காது. டிரம் பிரேக்குக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் காய இன்னும் நேரமாகும். வண்டி நிற்கும் என்று நம்பி மெயின் ரோட்டில் திரும்பியிருப்பீர்கள், நிற்காது. எனவே முதலில் உங்கள் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, முன் பின் இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்து விட்டுப் பிடித்து விட்டுக் காயவையுங்கள். வழக்கமான பிடிப்பு வந்த பிறகு செயினுக்கு லூப் (மசகு ஸ்பிரே) போடுங்கள். கொஞ்ச நேரம் ஊறட்டும், மிச்சத்தைத் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.