கடலோரத்தில் ஓடும் டூரிங் பைக்குக்கு விண்ட்ஷீல்டும் பீடிங்கும் மாற்றும் முறை

மண்டபம், பாம்பன், தனுஷ்கோடிப் பக்கம் ஓடும் வண்டியில் பெரும்பாலும் முதலில் கெடுவது விண்ட்ஷீல்டின் பிளாஸ்டிக் ஷீட் அல்ல, அதைப் பிடித்திருக்கும் திருகும் ரப்பரும்தான். உப்புக் காற்றில் திருகு துருவேறிப் பருக்கும். இறுகிப்போன ரப்பர் அதிர்வைத் தாங்காது. இரண்டும் சேர்ந்து ஓட்டையின் விளிம்பை நெருக்க, விரிசல் அங்கேதான் கிளம்பும். ஆகவே ஷீல்டை மாற்றும்போது இவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வாங்க வேண்டியவை: 3 முதல் 4 மி.மீ. கனமுள்ள பாலிகார்பனேட் ஷீல்டு (அக்ரிலிக்கில் கல் பட்டால் உடைந்து சிதறும்), 316 ரக ஸ்டெயின்லெஸ் திருகுகள், நைலான் வாஷர், உள்ளே பித்தளை மரை வைத்த ரப்பர் நட், ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரில் செய்த பீடிங் (ஷீல்டின் விளிம்பில் மாட்டும் பட்டை). 304 ரகத் திருகு கடலோரத்தில் சீக்கிரமே பழுப்புக் கறை காட்டும். பல வண்டிகளில் திருகு எம்5 (5 மி.மீ. விட்டம்)தான். இருந்தாலும் பழையதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் அளவு பார்த்துவிடுங்கள்.

உயரத்தில் ஆசைப்பட வேண்டாம். வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் ஷீல்டின் மேல் விளிம்பு மூக்குக்கும் வாய்க்கும் நடுவே நிற்கட்டும். சாலையை விளிம்புக்கு மேலாகப் பார்க்க வேண்டும். உப்புப் படிந்த ஷீட் வழியே இரவில் எதிர்விளக்கு வந்தால் ஒன்றும் தெரியாது. இன்னொன்று, ஆனி, ஆடியில் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கவாட்டில் அறையும். ஹேண்டில்பாரில் மாட்டும் அகலமான ஷீல்டு அந்த விசையை நேராக ஸ்டியரிங்குக்கே கொடுத்துவிடும். ஃபேரிங்கில் (வண்டியின் முன்பக்க பிளாஸ்டிக் உறையில்) மாட்டும் வகை இங்கே மேல்.

கழற்றுமுன் நல்ல தண்ணீரில் மணலும் உப்பும் போகக் கழுவுங்கள். உலர் துணியால் துடைத்தால் மணல் கீறிவிடும். இறுகிய திருகுக்கு எண்ணெயைப் பஞ்சில் தொட்டுப் பின்பக்கமாக வையுங்கள். ரப்பர் நட் கூடவே சுற்றினால், அதன் விளிம்பைக் கட்டிங் பிளேடால் சீவி எடுத்துவிடலாம். நெம்பினால் ஃபேரிங் உடையும்.

பீடிங்கை இழுத்துப் பொருத்தாதீர்கள், பிறகு சுருங்கி இடைவெளி விடும். 5 மி.மீ. கூடுதலாக வெட்டி, முனைகளைக் கீழ்ப்பக்கம் சந்திக்க விடுங்கள். தண்ணீர் அதன் வழியே வடியும். வழுக்கிப் போகச் சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ஈபிடிஎம் ஊதிவிடும். ஷீல்டில் காற்றுத் துவாரம் இருந்தால் அடைக்க வேண்டாம், அடைத்தால் ஹெல்மெட்டில் காற்று உலுக்கும்.

ஷீட்டில் ஓட்டை திருகைவிட 1 முதல் 1.5 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். அரை மீட்டர் பாலிகார்பனேட், 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 1 மி.மீ. நீளும். எல்லாத் திருகையும் விரலால் பிடித்துவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நைலான் வாஷர் லேசாக அமுங்கும் வரை மட்டும் இறுக்குங்கள். த்ரெட்லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) வேண்டவே வேண்டாம், அது பாலிகார்பனேட்டை நுண்விரிசலாக வெடிக்க வைக்கும். பெட்ரோல், தின்னர், அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனர் எல்லாம் அப்படித்தான்.

ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, கேபிளும் பிரேக் ஹோஸும் உரசாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 100 கி.மீ. ஓடியதும் திருகுகளை மறுபடி சரிபாருங்கள். அரிச்சல்முனை போய் வந்த நாளெல்லாம் ஷீல்டையும் திருகுத் தலைகளையும் நல்ல தண்ணீரில் கழுவி விடுங்கள்.