கர்ப்பப்பையை எடுக்காமலே ரத்தப்போக்கு குறைந்தது: என் அனுபவம்

42 வயதில் மாதவிலக்கு ஆளையே சாய்த்தது. மணிக்கொரு நாப்கின், கட்டி கட்டியாக ரத்தம், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். முதலில் போன மருத்துவமனையில் ஸ்கேனைப் பார்த்த கையோடு, “கர்ப்பப்பையை எடுத்துடலாம்” என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

வேறு மகளிர் நல மருத்துவரைத் தேடினேன். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் எம்.டி. ஓ.ஜி., எம்.எஸ். ஓ.ஜி., டி.ஜி.ஓ. என மகப்பேறு, மகளிர் நல மேற்படிப்பு ஏதாவது படித்திருக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்றும் பார்த்தேன். மகப்பேறும் மகளிர் நலமும் ஒரே படிப்புதான். ஆனால் சிலர் பெரும்பாலும் பிரசவமே பார்ப்பார்கள். அதனால் மாதவிலக்குத் தொல்லைக்கு அதிகம் பேர் வருகிறார்களா என்று வரவேற்பிலேயே கேட்டுவிட்டேன்.

அந்த டாக்டரம்மா நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்தார். கர்ப்பப்பையின் உள்சவ்விலிருந்து துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்த பிறகுதான் கர்ப்பப்பைக்குள் ‘ஹார்மோன் காயில்’ (கொஞ்சம் கொஞ்சமாக ஹார்மோனை வெளிவிடும் சின்னக் கருவி) பொருத்தி, இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டது, அப்புறம் நன்றாகவே குறைந்துவிட்டது.

செலவு இடித்தால் அரசு மருத்துவமனைக்குத் தயங்காமல் போங்கள்; சென்னையில் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844 முதல் இருக்கிறது. போகும்போது மாதவிலக்குத் தேதிகளையும் நாப்கின் கணக்கையும் எழுதி எடுத்துப் போங்கள்.