கால் கட்டைவிரல் மூட்டு இணைப்புக்குப் பின்: நடை திரும்புவதைத் தடுக்கும் தவறுகள்

கால் கட்டைவிரலின் அடிமூட்டில் குருத்தெலும்பு முற்றிலும் தேய்ந்துவிட்டால், மூட்டின் இரு எலும்புகளையும் பிளேட், ஸ்க்ரூ பொருத்தி ஒரே எலும்பாகக் கூடவைப்பதே இந்த அறுவை சிகிச்சை. பெரும்பாலோருக்கு வலி நீங்கிவிடுகிறது. ஆனால் வலி போனதாலேயே நல்ல நடை தானாக வந்துவிடாது என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

முழங்கால் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் மடக்கி நீட்டிப் பயிற்சி செய்வதைப் பார்த்துவிட்டு, இங்கேயும் விரலை மடக்கிப் பழக வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் சொல்வதுண்டு. அதைக் கேட்டு இணைத்த மூட்டைக் கையால் வளைப்பது மிகத் தவறு. அந்த மூட்டு இனி அசையக் கூடாது என்பதற்காகவே சிகிச்சை செய்யப்பட்டிருக்கிறது. விரல் நுனிக்கு அருகிலுள்ள சிறிய மூட்டையும் கணுக்காலையும் மருத்துவர் அனுமதித்தபின் அசைத்துவர வேண்டும். இதை விட்டுவிடுபவர்களுக்கு அவையும் இறுகிப்போகும்.

அடுத்த தவறு அவசரம். குதிகாலில் மட்டும் எடையை ஊன்றி, கெட்டியான அடியுள்ள சிறப்புக் காலணியோடு நடக்கும்படி பொதுவாக ஏறத்தாழ 6 வாரங்களுக்குச் சொல்வார்கள். மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே வலி குறைந்துவிடுவதால், குளியலறைக்குத்தானே, அடுப்படிக்குத்தானே என்று வெறுங்காலில் எழுந்து போகிறார்கள். வலி குறைந்தது எலும்பு கூடியதற்குச் சான்று ஆகாது. எக்ஸ்ரேதான் அதைச் சொல்லும். கூடாத எலும்பின் மீது திரும்பத் திரும்ப விழும் எடையால் ஸ்க்ரூ தளரலாம், பிளேட் முறியலாம். சிகரெட்டும் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். வாயில் அடக்கும் புகையிலையிலும் நிக்கோடின் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

முதல் இரண்டு வாரங்கள் காலை உயர்த்தி வைப்பதென்றால், நாற்காலியில் அமர்ந்து முக்காலியில் காலை நீட்டுவதல்ல. படுத்துக்கொண்டு பாதம் இதயத்தைவிட உயரமாக இருக்கும்படி தலையணைகளை அடுக்க வேண்டும். மாலை வீக்கம் மாதக்கணக்கில் நீடிப்பது வழக்கம்தான். காயத்தில் சீழ், காய்ச்சல், கெண்டைக்காலில் வலியுடன் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவை வேறு. அவற்றுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகம் கவனிக்கப்படாத தவறு, பாதத்தின் வெளிவிளிம்பில் நடப்பது. அறுவைக்கு முன் பல ஆண்டுகள் கட்டைவிரல் வலிக்கு அஞ்சி எடையை வெளிப்பக்கம் சாய்த்து நடந்த உடல், வலி போன பிறகும் அதே பழக்கத்தைக் கைவிடுவதில்லை. அதனால் மற்ற விரல்களின் அடியில் புதிய வலி தோன்றும். நாளடைவில் கணுக்கால், முழங்கால், இடுப்பு வரைக்கும் சிரமம் ஏறலாம். தரைமட்டத்திலிருந்து சுமார் 10 முதல் 15 பாகை மேல்நோக்கி விரலை நிலைநிறுத்துவதே, பாதம் அதன் மீது உருண்டு முன்னேறட்டும் என்பதற்காகத்தான். எலும்பு கூடிவிட்டதென்று மருத்துவர் சொன்னபின், குதிகாலில் தொடங்கிக் கட்டைவிரலின் அடிச்சதை வரை எடையைக் கொண்டுவந்து தள்ளி நடக்கவும், இரண்டு கால்களின் அடிவைப்பும் ஒரே அளவில் இருக்கவும் பிசியோதெரபிஸ்ட் உதவியோடு பழக வேண்டும். வீட்டார் யாரேனும் பின்னாலிருந்து மொபைலில் எடுக்கும் வீடியோ, நமக்கே தெரியாத சாய்வைக் காட்டிவிடும்.

இரண்டரை, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் குதியுயர்ந்த செருப்பு பெரும்பாலோருக்கு இனி ஒத்துவராது. விரல்களால் பற்றிக்கொள்ள வேண்டிய மெல்லிய ரப்பர் செருப்பையும் முதல் மாதங்களில் தவிர்ப்பது நல்லது. முன்புறம் அகன்று, அடிப்பகுதி வளையாமல் சற்றே உருண்டிருக்கும் ஷூ நடையை எளிதாக்கும்.

சம்மணமிட்டு அமர்வதற்கு இந்த மூட்டு தேவையில்லை. தரையிலிருந்து விரல்களை மடக்கி ஊன்றி எழும்போதுதான் சிக்கல். எலும்பு கூடிய பிறகு, அறுவை செய்த பாதத்தை முன்னால் தட்டையாகப் பதித்து, மற்றக் காலின் விரல்களைப் பின்னால் ஊன்றி எழுந்தால் அந்த மூட்டை மடக்கும் அழுத்தம் விழாது.