பழைய தீயணைப்பு வண்டியின் பணி வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

நாகர்கோவில், தக்கலை, குழித்துறை, குளச்சல் என எந்த ஊர் நிலையத்தில் நின்ற வண்டியானாலும், பழைய தீயணைப்பு வண்டியொன்றின் வரலாற்றை எழுத முனைபவர் அதன் பதிவு எண்ணை நம்பித் தொடங்கக் கூடாது. அத்தகைய வண்டிக்கு மூன்று பிறந்த நாள்கள் உண்டு. சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், ஆலையை விட்டு வெளிவந்த நாள் ஒன்று, அதன்மீது தண்ணீர்த் தொட்டியையும் பம்பையும் பொருத்திக் கூண்டு கட்டி முடித்த நாள் மற்றொன்று, பதிவு பெற்றுப் பணிக்கு வந்த நாள் மூன்றாவது. பதிவுச் சான்றிதழில் கண்ட ஆண்டையே வண்டியின் வயது என்று எண்ணிக்கொண்டு நான் தயாரித்த முதல் பட்டியலை முழுவதும் அடித்துத் திருத்த நேர்ந்தது. பதிவு எண் வண்டி பணியாற்றிய ஊரையும் சொல்லாது. சென்னையில் பதிவாகி 'டி.என். 01' என்று தொடங்கும் வண்டி தன் காலம் முழுவதும் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே உழைத்திருக்கலாம். என்ஜினைக்கூட இடையில் மாற்றியிருப்பார்கள். ஆகவே சேசிஸ் எண்ணையே ஒவ்வொரு வண்டிக்கும் தலைப்பாகக் கொள்ளுங்கள்.

அந்த எண் பெரும்பாலும் முன்சக்கரத்தை ஒட்டிய இரும்புச் சட்டத்தில் வெட்டப்பட்டிருக்கும். கடலோர நிலையங்களில் நின்ற வண்டிகளில் உப்புக்காற்றால் அந்த இடம் பொரிந்து போயிருக்கும். அதற்காக உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தால் துருவோடு எண்ணும் போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அரைமணி நேரம் ஒட்டி வைத்து, பழைய பல் துலக்கியால் மெதுவாகத் துலக்கி, காய்ந்தபின் மெல்லிய தாளை ஒட்டிப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்கும் அதே அச்சு கிடைத்துவிடும்.

காகிதங்கள் கிடைக்காத வண்டிக்கு அதன் உடம்பே சாட்சி. டாடா லாரியின் முகப்பில் மெர்சிடிஸ் பென்ஸின் நட்சத்திரம் இருந்தால் அந்தச் சேசிஸ் 1954-க்கும் 1969-க்கும் இடைப்பட்டது. அசோக் மோட்டார்ஸ் 1948-இல் தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று என்பதால் பெயர்ப்பலகையும் காலம் சொல்லும். கதவில் உரிந்த சிவப்புப் பெயிண்டுக்கு அடியில் 'மெட்ராஸ்' என்ற எழுத்து தெரிந்தால், மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறிய 1969 ஜனவரி 14-க்கு முற்பட்ட பூச்சாக அது இருக்க வாய்ப்பு அதிகம். பம்பின் பித்தளைத் தகட்டில் கொள்ளளவு கேலனில் இருந்தால் அது பிரிட்டிஷ் கேலனா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 500 பிரிட்டிஷ் கேலன் என்பது ஏறத்தாழ 2,273 லிட்டர். அமெரிக்கக் கேலன் என்று கணக்கிட்டால் 1,893 லிட்டர்தான் வரும்.

உண்மையான வரலாறு, வண்டியின் ஒவ்வொரு ஓட்டத்தையும் குறித்துவைக்கும் லாக் புக்கில் இருக்கிறது, ஆனால் அதைக் கார் ஓட்டுபவரின் கண்ணோடு படித்தால் ஏமாந்து போவோம். பம்பைச் சுழற்றுவது வண்டியின் என்ஜினே என்பதால், கிலோமீட்டர் நகராமலே அது மணிக்கணக்கில் உழைத்திருக்கும். பம்பு ஓடிய நேரத்துக்கான கட்டம் காலியாக இருந்தால் டீசலைப் பாருங்கள். போய்வந்த தொலைவு ஆறு கிலோமீட்டர், செலவான டீசல் முப்பது லிட்டர் என்றால், அன்று வண்டி எங்கோ குளக்கரையில் நின்று நெடுநேரம் நீர் இறைத்திருக்கிறது என்று கொள்ளலாம். ஐந்து இலக்க மீட்டர் 99,999-க்குப் பிறகு மீண்டும் சுழியத்துக்கு வந்துவிடும். கேபிள் அறுந்து மாதக்கணக்கில் ஒரே எண் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருப்பதும் உண்டு. கூட்டிப் போடுவதற்கு முன் இவ்விரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆவணம் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுக் கொடுக்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். 'பழைய வண்டிகளின் விவரம்' என்று பொதுவாகக் கேட்காமல், சேசிஸ் எண்ணைக் குறிப்பிட்டு, லாக் புக், பழுதுபார்ப்புப் பதிவேடு, இனிப் பயன்படாதென்று வண்டியைக் கண்டம் செய்த ஆணை என்று தனித்தனியாகக் கேளுங்கள். 1956 நவம்பர் 1-க்கு முன் நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால், அக்காலத் தாள்களைத் திருவனந்தபுரத்தில் தேட வேண்டும். அவற்றில் கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்கு இருந்தால், சிங்ஙம் (நம் ஆவணி) பிறந்தது முதல் டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரி முதல் 825-ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். 1132 துலாம் (ஐப்பசி) என்பது 1956 அக்டோபர்-நவம்பர்.

ஓய்வு பெற்ற ஓட்டுநர்களிடம் 'எந்த ஆண்டு?' என்று கேட்டால் பெரும்பாலும் தவறான பதிலே வரும். 'அண்ணாச்சி, மண்டைக்காட்டுக் கோயில் கொடைக்கு இந்த வண்டியா போச்சு, சுனாமிக்கு முன்னயா பின்னயா?' என்று கேட்டால் நினைவு தானே வரிசையில் வந்து நிற்கும். அவர் சொன்னதை லாக் புக்கோடு ஒப்பிடும்வரை பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.

பதினைந்து ஆண்டைக் கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க 2023 ஏப்ரல் 1 முதல் வழியில்லை என்பதால், ஒதுக்கி நிறுத்திய வண்டியை இன்றே அனுமதி பெற்றுப் படம் எடுத்துவிடுவது நல்லது. பித்தளை மணி பெரும்பாலும் முன்பே காணாமல் போயிருக்கும். அது இருந்த இடத்துப் போல்ட் துளைகளையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்; கையால் அடிக்கும் மணி எங்கே தொங்கியது என்பதற்கு அந்த வண்டியில் மிஞ்சியிருப்பவை அவைதான்.