கதவு தட்டும் பழைய பித்தளை வளையத்தைக் கதவில் மாட்டுவது எப்படி?

வேலூரில் எங்கள் தெருவில் ஒரு ஓட்டு வீட்டை இடித்தபோது, கதவோடு விறகுக்குப் போக இருந்த வளையத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். சிங்க முகம், வாயில் கவ்விய பித்தளை வளையம். வளையத்தின் அடிப்பக்கம் மட்டும் மெலிந்து வழவழவென்று இருந்தது, எத்தனை பேர் விரல் பட்டதோ! அதை ஷோகேஸில் வைக்க மனசு வரவில்லை. கரண்ட் போனால் காலிங் பெல் ஊமையாகிவிடும், இது எப்போதும் பேசும்.

கடையில் வாங்குவதாக இருந்தால் காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம்தான்.

புளியும் கல் உப்பும் போட்டுக் குத்துவிளக்கு துலக்குவது போலவே துலக்கி, நன்றாக அலசி, ஈரம் துளியும் இல்லாமல் துடையுங்கள். பளபளப்புக்கு ஆசைப்பட்டு பள்ளங்களில் உள்ள கருமையை எடுத்துவிடாதீர்கள், அது இருந்தால்தான் பிடரியும் மீசையும் எடுப்பாகத் தெரியும்.

சிங்கமும் வளையமும் ரோமர் காலத்திலிருந்தே வரும் ஜோடி. இங்கிலாந்தில் டர்ஹாம் தேவாலயத்துக் கதவில் 12-ஆம் நூற்றாண்டு வளையம் ஒன்று இருந்தது (இப்போது தொங்குவது அதன் நகல்). அந்தக் காலத்தில் தப்பி ஓடி வந்தவர் அதைத் தட்டினால் 37 நாள் அடைக்கலம் கிடைத்தது. ஈரானின் பழைய வீடுகளில் ஆணுக்குக் கனத்த ஓசை, பெண்ணுக்கு மெல்லிய ஓசை என்று கதவைத் தட்ட இரண்டு பிடிகள், வந்தது யார் என்று உள்ளேயே தெரிந்துவிடும். ஆக, ஓசைதான் முக்கியம்.

அதனால் கதவின் மெல்லிய பலகையில் மாட்டாதீர்கள், கனமான சட்டத்தில், தரையிலிருந்து நாலரை ஐந்து அடி உயரத்தில் மாட்டுங்கள். உள்ளே கூடான ஃப்ளஷ் கதவில் சத்தம் செத்துப்போகும். வளையம் வந்து விழும் இடத்தில் ஒரு பித்தளைக் குமிழ் கட்டாயம், இல்லாவிட்டால் மரத்தில் பள்ளம் விழும்.

ஒரு தாளில் துளைகளின் இடத்தைக் குறித்து, அதைக் கதவில் ஒட்டி, ஸ்க்ரூவைவிடச் சற்றுச் சின்னதாக டிரில் போடுங்கள். தேக்கில் பித்தளை ஸ்க்ரூவை நேராக முறுக்கினால் தலை பட்டென்று முறிந்துவிடும், எனக்கு ஒன்று அப்படித்தான் போனது. முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஏற்றி இறக்கி வழி பண்ணுங்கள், அப்புறம் பித்தளை ஸ்க்ரூவில் கொஞ்சம் சோப்பு தடவி மெதுவாக ஏற்றுங்கள். வளையம் ரொம்பக் கனமென்றால் பின்பக்கம் நட்டு போட்ட போல்ட்தான் சரி.

தட்டத் தட்ட ஸ்க்ரூ தளரும். பொங்கலுக்குப் பாத்திரம் துலக்கும் அன்று இதையும் ஒரு சுற்று இறுக்கி விடுங்கள்.