கடைசி எபிசோடை முடித்த பிறகே முதல் எபிசோடை வெளியிடுங்கள்: சிறு குழுவினருக்கான வலைத்தொடர் வழிகாட்டி

யூடியூபில் ஆசையோடு தொடங்கப்பட்டு, இரண்டாம் மூன்றாம் எபிசோடோடு நின்றுபோன தமிழ் வலைத்தொடர்கள் ஏராளம். மதுரையில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து எடுத்த எங்கள் முதல் தொடரும் அவற்றில் ஒன்று. முதல் எபிசோடை எடுத்த சூட்டோடு வெளியிட்டோம், பாராட்டும் வந்தது. இரண்டாவதை எடுத்துக்கொண்டிருந்தபோது முக்கியப் பாத்திரத்தில் நடித்தவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது; படப்பிடிப்புக்கு வீடு தந்திருந்த குடும்பத்தார் பெயின்ட் அடித்துச் சுவரின் நிறத்தையே மாற்றிவிட்டார்கள்; மூன்றாவது எபிசோடு வருவதற்கு ஐந்து மாதங்கள் ஆயின. அதற்குள் பார்வையாளர்கள் கதையை மறந்திருந்தார்கள். அடுத்த தொடரை முழுவதுமாக எடுத்து, எடிட் செய்து, ஒலிக்கலவையும் முடித்த பிறகுதான் முதல் எபிசோடை வெளியிட்டோம். இங்கே சொல்லப்போகும் யோசனைகள் பெரும்பாலும் அந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தவை.

குறும்படம் எடுத்துப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு முதலில் புரிவதில்லை. கலைஞர் தொலைக்காட்சியின் நாளைய இயக்குநர் நிகழ்ச்சியில் குறும்படங்கள் எடுத்த கார்த்திக் சுப்பராஜும் நலன் குமரசாமியும் 2012, 2013 ஆண்டுகளில் தங்கள் முதல் முழுநீளப் படங்களை வெளியிட்டதிலிருந்து, குறும்படம் என்பது இயக்குநரின் திறமைக்கு ஒரு சான்றாகப் பார்க்கப்படுகிறது. ஒரு முறை பார்த்து முடித்துவிடக்கூடிய சான்று அது. தொடர் அப்படிப்பட்டது அல்ல. அடுத்த வாரம் வாருங்கள் என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் நீங்கள் சொல்லும் வாக்கு அது.

எழுதும்போதே எண்ணிக்கொள்ள வேண்டியவை

12 நிமிடங்கள் கொண்ட ஐந்து எபிசோடுகள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஒரு மணி நேரப் படம். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற வழக்கமான கணக்கின்படி அது 60 பக்கத் திரைக்கதை. ஐந்தாறு பேர் கொண்ட குழு ஒரு நாளில் நான்கு அல்லது ஐந்து பக்கங்களை நிதானமாக எடுக்க முடியும் என்பது எங்கள் அனுபவம். ஆகவே 12 முதல் 15 நாள்கள் தேவைப்படும். எல்லாரும் வேறு வேலையில் இருந்துகொண்டு சனி, ஞாயிறுகளில் மட்டும் எடுத்தால் அது இரண்டு மாதங்களைத் தொடும். இந்தக் கணக்கைக் கதை எழுதுவதற்கு முன்பே போட்டுவிட்டால், ஒரு வீடு, அதன் மொட்டை மாடி, தெருமுனைத் தேநீர்க்கடை, ஒரு பேருந்து நிறுத்தம் ஆகியவற்றுக்குள்ளேயே நடக்கும் கதையை எழுதுவதே நமக்குக் கைகூடும் என்று தெரியும்.

படப்பிடிப்பை எபிசோடு வரிசையில் திட்டமிடாமல் லொகேஷன் வரிசையில் திட்டமிடுங்கள். வீட்டில் நடக்கும் காட்சிகள் எந்த எபிசோடில் வந்தாலும் அவற்றை அடுத்தடுத்த நாள்களில் எடுத்து முடித்தால், வீடு கொடுத்தவரை மறுபடியும் தொல்லைப்படுத்த நேராது. சுவரின் நிறம் மாறினாலும் கவலையில்லை. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நடிகர்களின் உடை, தலைமுடி, பொட்டு, கைக்கடிகாரம் ஆகியவற்றைப் புகைப்படம் எடுத்து, காட்சி எண்ணோடு சேமித்துக்கொள்ளுங்கள்.

ஒலி

கேமராவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இன்றைய நடுத்தர விலைக் கைப்பேசியே போதும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று நிலைப்படுத்திக்கொண்டால், இந்தியாவின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் ட்யூப்லைட் திரையில் மினுமினுக்காது. எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) வொயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) தானாக மாறாதபடி பூட்டிவிடுங்கள். மிச்சமிருக்கும் பணத்தையும் கவனத்தையும் ஒலிக்குத் தாருங்கள், ஏனென்றால் மங்கலான காட்சியைப் பொறுத்துக்கொள்ளும் பார்வையாளர் காதில் விழாத வசனத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை.

தமிழ் சினிமாவில் டப்பிங் நெடுங்கால வழக்கம் என்பதால், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு நமக்கு எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் டப்பிங் என்பது ஸ்டூடியோ வாடகை, நடிகர்களின் இன்னொரு நாள் கால்ஷீட், உதட்டசைவுக்குப் பேசும் பயிற்சி ஆகிய மூன்றும் சேர்ந்தது. சிறு குழுவிடம் இவற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை. எனவே நேரடி ஒலிப்பதிவுக்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்தெடுங்கள். லொகேஷன் பார்க்கப் போகும்போது, படப்பிடிப்பு நடக்கவிருக்கும் அதே நேரத்தில் போய், கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தண்ணீர் மோட்டார், பள்ளிக்கூட மணி எல்லாம் அப்போதுதான் தெரியவரும். நாள்காட்டியையும் பார்க்க வேண்டும்: ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கிகளும், முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டபங்களும் தெருவையே நிறைத்துவிடும்.

அறைக்குள் மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். ஃபிரிட்ஜை மறுபடி போட மறந்துவிடாமலிருக்க எங்கள் ஒலிப்பதிவாளர் தன் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவார். வீட்டுக்காரரின் பாலும் மாவும் கெட்டுப்போகாமல் காப்பாற்றிய பழக்கம் அது. காலர் மைக்கைச் சட்டைத் துணி உரசாதபடி பொருத்துங்கள். நீண்ட கோலில் பொருத்திய பூம் மைக் இருந்தால் ஃபிரேமின் விளிம்புவரை நெருக்கிப் பிடியுங்கள். வயர்லெஸ் மைக் இல்லையென்றால், இன்னொரு கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டு நடிகரின் சட்டைப்பையில் வைத்து, காட்சியின் தொடக்கத்தில் கேமரா முன் ஒருமுறை கைதட்டி, அந்தச் சத்தத்தைக் கொண்டு எடிட்டில் ஒலியையும் படத்தையும் பொருத்திக்கொள்ளலாம். ஒலிப்பதிவின் உச்சம் −12 டெசிபலைச் சுற்றி இருக்கட்டும். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல், அசையாமல், 30 நொடி அறையின் அமைதியைப் பதிவு செய்யுங்கள். வெட்டப்பட்ட வசனங்களுக்கு இடையிலுள்ள ஓட்டையை அடைக்க அதைவிட்டால் வேறு வழியில்லை.

அன்றன்றைய காட்சிகளை வீடு திரும்புவதற்கு முன்பே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகலெடுத்து, அவற்றை வெவ்வேறு வீடுகளில் வையுங்கள்.

காகிதமும் பணமும்

நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு என்ற கூச்சத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். அந்த எழுத்தில் காலம் குறிப்பிடப்படவில்லையென்றால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படவில்லையென்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் டொரொண்டோவிலும் பார்க்கப்படப்போகும் ஒரு தொடருக்கு இது போதாது. ஆகவே கதை எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோரிடம் உலகம் முழுவதற்கும் எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைத் தெளிவாக எழுதி வாங்குங்கள். நடிகர்களிடமும் வீடு கொடுத்தவரிடமும் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் போதும். பணம் போட்டவர்களின் பங்கு எவ்வளவு, வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது, யாரேனும் விலகினால் என்ன ஆகும் என்பனவும் எழுத்தில் வரட்டும். சேனலின் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்க விடாமல், யூடியூப் ஸ்டூடியோவின் அனுமதிகள் பகுதியில் குறைந்தது இருவருக்கு மேலாளர் உரிமை கொடுத்துவையுங்கள்.

சினிமாப் பாட்டை ஐந்து நொடி, பத்து நொடி பயன்படுத்தினால் தவறில்லை என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. தேநீர்க்கடைக் காட்சியில் பின்னால் ஓடும் எஃப்.எம். பாட்டைக்கூட, உரிமையுள்ள பாடல்களை அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி கண்டுபிடித்து, வருமானத்தை உரிமையாளரின் பக்கம் திருப்பிவிடக்கூடும். எனவே கடைக்காரரிடம் கேட்டு வானொலியை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பாரதியார் பாடல் வரிகளைப் பயன்படுத்தத் தடையில்லை, ஏனென்றால் அவற்றின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949-இல் பெற்றுப் பின்னர் மக்களுக்கே வழங்கிவிட்டது. ஆனால் அந்த வரிகளுக்கு வேறொருவர் போட்ட மெட்டும், அதன் ஒலிப்பதிவும் அவரவர் சொத்து. உங்களுக்காகவே இசையமைத்துத் தரும் நண்பர் அதே இசையை விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாக வெளியிட்டால், உங்கள் எபிசோடின் மீதே உரிமைக்கோரல் வரலாம். உங்கள் சேனலுக்கு விலக்கு வாங்கித் தருமாறு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி மனம் தளரவைக்காத, ஆனால் உண்மையான கணக்கு ஒன்று உண்டு. யூடியூபின் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அது 2,40,000 நிமிடங்கள். ஒருவர் ஓர் எபிசோடில் சராசரியாக ஆறு நிமிடங்கள் பார்க்கிறார் என்றால் 40,000 பார்வைகள் தேவை. முதல் தொடரிலேயே அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். கேரளத்தில் மலையாளத் திரைப்பட இயக்குநர் ஜான் ஆப்ரகாமும் அவர் சேர்ந்து தொடங்கிய ஒடேசா திரைப்படக் கூட்டமைப்பும், 1986-இல் வந்த ‘அம்ம அறியான்’ படத்துக்கு ஊர் ஊராகச் சென்று மக்களிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டினார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, உங்கள் வட்டாரத்திலேயே கேளுங்கள். ஜவுளிக்கடையோ பயிற்சி மையமோ பணம் தந்தால், வீடியோவைப் பதிவேற்றும்போது கட்டண விளம்பரம் என்ற குறியை இட்டு வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பின்னாளில் வருமானம் வரத் தொடங்கும்போது, அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்ப மறக்காதீர்கள்: அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் பார்ப்பதால் வரும் வருமானத்துக்கு, இரு நாட்டு ஒப்பந்தப்படி 15 சதவீதம் பிடிப்பார்கள், படிவம் இல்லையென்றால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிக்கப்படும்.

எடிட்டிங்கும் எழுத்துகளும்

டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு எடிட்டிங், கலர் கிரேடிங், ஒலிக்கலவை ஆகிய மூன்றுக்கும் போதும். உரத்த ஒலியை யூடியூப் ஏறத்தாழ −14 எல்.யு.எஃப்.எஸ். (ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அலகு) அளவுக்குக் குறைத்துவிடுவதால், அதையொட்டி மிக்ஸ் செய்து, கைப்பேசியின் ஸ்பீக்கரிலும் கேட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். தமிழில் டைட்டில் போடும்போது கொம்பும் காலும் இடம் மாறி விழுகின்றனவா என்று ஒவ்வொரு பெயரையும் பாருங்கள். பிரீமியர் ப்ரோவில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றினால்தான் தமிழ் சரியாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, கட்டமரன் போன்ற எழுத்துருக்களைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். உழைத்தவரின் பெயரைப் பிழையாக அச்சிடுவதைப் போன்ற அவமதிப்பு வேறில்லை.

சப்டைட்டிலைப் படத்தின்மேல் பதித்துவிடாமல் தனிக் கோப்பாக ஏற்றுங்கள். ஆங்கிலம் விழாக்களுக்கும் பிற மொழியினருக்கும் உதவும். தமிழ் சப்டைட்டில் செவித்திறன் குறைந்தவர்களுக்கும், ஓடும் பேருந்தில் ஒலியில்லாமல் பார்ப்பவர்களுக்கும் உதவும். மலேசியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு மதுரை வட்டாரப் பேச்சு சில இடங்களில் பிடிபடாது என்பதையும் எங்களுக்கு வந்த கடிதங்களிலிருந்தே அறிந்தோம்.

வெளியீடு

விழாக்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், இணையத்தில் வெளியிடும் முன் ஒவ்வொரு விழாவின் விதியையும் படியுங்கள். முன்பே பொதுவெளியில் வந்த படைப்பைப் பல விழாக்கள் ஏற்பதில்லை. இணையத்தில் வெளியிடத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. திரையரங்கில் காட்டுவதற்கும் தேசிய விருதுக்கு அனுப்புவதற்கும் அது வேண்டும்.

ஒரு கிழமையையும் ஒரு நேரத்தையும் தேர்ந்தெடுத்து, ஐந்து வாரமும் அதிலிருந்து பிறழாதீர்கள். ஐ.பி.எல். ஆட்டங்கள் தொடங்கும் இரவு ஏழரை மணியையும், தீபாவளி, பொங்கல் வாரங்களையும், பொதுத்தேர்வு நடக்கும் மார்ச் மாதத்தையும் தவிர்ப்பது நல்லது. சேனலைத் தொலைபேசி எண்ணால் உறுதிசெய்யாவிட்டால் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவையும் சொந்தத் தம்ப்நெயிலையும் (வீடியோவின் முகப்புப் படம்) ஏற்ற முடியாது என்பதால் அதை முதலில் முடியுங்கள். ஒவ்வொரு எபிசோடையும் இரண்டு நாள் முன்பே பிரைவேட்டாக ஏற்றிவிட்டால், உரிமைக்கோரல் ஏதேனும் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

தம்ப்நெயிலை 1280×720 அளவில் செய்து, கைப்பேசியில் கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். முகத்தின் உணர்ச்சி தெரியாவிட்டாலோ எழுத்து மூன்று சொற்களைத் தாண்டினாலோ மாற்றுங்கள். தலைப்பில் கதையைச் சொல்லும் சொற்கள் முதலிலும், எபிசோடு எண் கடைசியிலும் வரட்டும். முடிவில் 20 நொடி இடம் விட்டு, அடுத்த எபிசோடையும் பிளேலிஸ்டையும் அங்கே பொருத்துங்கள். தனியாகப் பார்த்தாலும் புரியும் ஒரு காட்சியை ஷார்ட்ஸாக வெட்டி, முழு எபிசோடோடு இணையுங்கள். ஷார்ட்ஸ் இப்போது மூன்று நிமிடம் வரை இருக்கலாம்.

வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்பை எறிந்துவிட்டுப் போவதால் பெரிய பயன் இல்லை. அதைவிட, ஐம்பது பேருக்குத் தனித்தனியாக, இந்தக் காட்சியை எடுத்தபோது உங்கள் நினைவு வந்தது என்பது போன்ற உண்மையான ஒரு வரியோடு அனுப்புங்கள். படம் எடுத்த தெருவிலேயே, மொட்டை மாடியில் வாடகைப் புரொஜெக்டரை வைத்து, வெளியீட்டுக்கு முந்தின இரவு முதல் எபிசோடைக் காட்டினோம். தேநீர்க்கடைக்காரர் அடுத்த ஐந்து வாரங்களும் தன் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் தொடரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்வையாளர்கள் எந்த நொடிவரை பார்த்தார்கள் என்று யூடியூப் ஸ்டூடியோ காட்டும் வரைபடத்தை ஒவ்வொரு வாரமும் பாருங்கள். முதல் 30 நொடியில் கோடு செங்குத்தாக விழுந்தால், தொடக்க டைட்டில் நீளம் என்று பொருள். அடுத்த எபிசோடுகளில் அதைக் குறைக்கலாம். தம்ப்நெயிலைக் கண்டவர்களில் அதைத் தொட்டவர்களின் விகிதம் பாதிச் சேனல்களுக்கு 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கும் என்று யூடியூபே சொல்கிறது. உங்களுடையது அதற்கும் கீழே போனால் தம்ப்நெயிலை மாற்றுங்கள். கருத்துகளைப் பார்த்துக் கதையை மாற்ற வேண்டும் என்ற ஆசை வரும். எல்லா எபிசோடும் முடிந்து கையில் இருப்பதால் அந்த ஆசைக்கு இடமிருக்காது.

கடைசி எபிசோடு வந்த வாரத்தில், பாக்கி வைத்திருந்த பேட்டாக்களை எல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, ஒவ்வொரு நடிகருக்கும் அவர் நடித்த காட்சிகளைத் தனியே தொகுத்து, அடுத்த வாய்ப்புக்குக் காட்டிக்கொள்ளும்படி அனுப்பிவையுங்கள். ஒரு மாதம் கழித்து ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு மணி நேரப் படமாக அதே சேனலில் ஏற்றலாம். வாரா வாரம் காத்திருக்க விரும்பாத பார்வையாளர்கள் அப்போதுதான் வருவார்கள்.